கட்டாங் மொழிக்கு நான் போர்த்திய பொன்னாடை

புதன்கிழமைகளில் என் பேத்தி என்னிடம் வருவாள். அவளுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. அவளுடைய தாய்க்கு, அதாவது என் மருமகளுக்கு, அன்று வேலை இல்லை. பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் சென் லசார் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மெற்றோ பிடித்து, லா சப்பலில் நான்காம் மாடியிலிருக்கும் என் இரண்டறை வீட்டுக்கு இருவரும் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். பேத்தியை என்னிடம் விட்டுவிட்டு மருமகள் கீழே கடைகளுக்குப் போவாள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளையும் நானும் மட்டும். மனைவி போனபின் என் வாரத்தில் நாள் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதை நான் ஒரு மண்டபம் நிறைந்த கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நானே மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்து, தெளிவான தமிழில் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பட்டதாரித் தமிழாசிரியன். பாரிசில், ஓய்வு பெறும்வரை, ஓர் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு அறிஞரானேன். எங்கள் தமிழ் மன்றத்தின் மண்டபம் சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. எந்த மொழிச் சொல்லை யார் கொண்டுவந்தாலும், அதற்குள் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொல்லைப் பிடித்து வெளியே இழுத்து வருவது அங்கே என் வேலை. பிரெஞ்சு, அரபு, சீனம், தெருமுனையில் தொலைபேசி உறை விற்கும் மாலிக்காரரின் பம்பாரா, எதுவும் என்னிடம் தப்பியதில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறும் நேரம் போதும். யாரும் மறுத்ததுமில்லை. மறுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. வருபவர்கள் கூட்டம் முடிந்து தின்னக் கொடுக்கும் ரோல்சையும் மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள்.

இந்தச் சேவைக்காக ‘வேர்ச்சொல் வேந்தர்’ என்று பட்டம் தந்து பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை என்பது கீழே உள்ள சேலைக்கடையில் வாங்கும் சரிகைத் துண்டு. எங்கள் மன்றத்தில் அது கிடைக்காதவர் என்று யாரும் இப்போது மீதியில்லை. இரண்டாம் சுற்று நடக்கிறது. சிரிக்கிறேனே தவிர, அந்த இனிப்பு எனக்குத் தெரியும். வாரம் முழுக்கப் பிறர் தின்ற தட்டைக் கழுவுகிறவனிடம், உலகத்து மொழிகளெல்லாம் உன் தாய்மொழியின் பிள்ளைகள் என்று ஒருவன் சொன்னால், அவன் ஏன் ஆதாரம் கேட்கப்போகிறான்?

என் மகன் மணந்தது பிலிப்பைன்ஸ் பெண்ணை. லூசோன் தீவின் வடக்கே, நுவெவா விஸ்காயா என்ற மாகாணத்தில், மகாத் ஆற்றை ஒட்டிய ஓர் ஊர் அவளுடையது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். கல்யாணத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பிறக்கிற பிள்ளை என்ன மொழி பேசும் என்று மட்டும் கேட்டேன். சாதியையும் நிறத்தையும் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு இது நல்ல வசதியான கேள்வி. கேட்டவனுக்கு மரியாதையும் கிடைக்கும்.

“நான் உங்கட மன்றத்தின்ர தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத்தானே வந்தனான் அப்பா,” என்றான் மகன். “நீங்கள் மேடையில கதைச்ச அளவுக்கு வீட்டில என்னோட கதைச்சிருந்தா, எனக்கும் ஒழுங்காத் தமிழ் வந்திருக்கும்.”

அவன் சொன்னதை உச்சரிப்புப் பிழை பார்ப்பதற்காக மட்டும் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

பேத்தி பிறந்து பேசத் தொடங்கி, பள்ளிக்கூடமும் போன பிறகும், தாய் அவளுடன் பேசுகிற மொழியின் பெயரை நான் கேட்கவில்லை. ‘பிலிப்பைன்ஸ் பாஷை’ என்று எனக்குள் முடித்துவைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை மருமகள் கீழே போய்ச் சுடச்சுட வடை வாங்கி வந்து, தட்டில் அடுக்கி, மகளை எண்ணச் சொன்னாள். நான் அறையில் இருந்தேன். ஒன்றுக்கான சொல் காதில் விழவில்லை. இரண்டிலிருந்துதான் கேட்டது: அத்வா, தல்லு, அப்பத், லிமா, அன்னம்.

அன்னம் என்ற சொல்லில் எழுந்து வந்தேன்.

“கடைசியாக என்ன சொன்னாள்?” என்று மருமகளிடம் கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவானது அரைகுறைப் பிரெஞ்சு. மாமா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ் என்று சொல்லலாம்.

“ஆறு, மாமா. ஆறு வடை.”

“எந்த மொழியில்?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது போன்ற பார்வை அது. அதை அப்போதே கண்டேன். ஆனால் என் மூளை முழுக்க அன்னத்தில் இருந்தது.

கட்டாங் என்றாள். நான் எழுதியிருப்பது போல அவள் சொல்லவில்லை. நடுவில் வரும் டகரம் மென்மையானது, ஆனாலும் இரட்டித்து அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் ‘ட்ட’ என்று எழுதினால் அது ‘கட்டு’ என்பதில் வருவது போல வன்மையாகிவிடுகிறது. ஒற்றை ‘ட’ எழுதினால் அழுத்தம் போய்விடுகிறது. எல்லா மொழிக்கும் தாய் என்று நான் முழங்கிய மொழியின் எழுத்தால் அந்த ‘மகளின்’ பெயரைச் சரியாக எழுத முடியவில்லை. இதை நான் மன்றத்தில் சொல்லவில்லை.

அந்த மொழியில் மெய்யெழுத்துகள் இப்படி அடிக்கடி இரட்டிக்கும். அதனால் மற்றப் பிலிப்பைன்ஸ்காரர்கள், ‘உங்களுக்கு நாக்குக் கடினம்’ என்று கேலி செய்வார்களாம். ஊரிலேயே இலோக்கானோ மொழிதான் சந்தைக்கும் தெருவுக்கும். பள்ளிக்கூடத்துக்கு வேறு மொழிகள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கட்டாங்கில் கேட்டால் இலோக்கானோவில் பதில் சொல்வார்கள். பாரிசில் தேவாலயத்தில் சந்திக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களில் இதுவரை ஒருவரும் கட்டாங் பேசவில்லை.

“இந்த நாட்டில் முகம் பார்த்து இதைப் பேச எனக்கு இவள் ஒருத்திதான் இருக்கிறாள், மாமா,” என்றாள், மகளின் தலையைத் தொட்டுக்கொண்டு.

“வேறு சொற்கள் சொல்லு,” என்றேன் நான்.

அதன்பிறகு சில மாதங்கள் நான் மிக நல்ல மாமனாராக இருந்தேன். ஒவ்வொரு புதனும் கேள்விகள். தெரியாத சொல்லென்றால் அவள் ஊரிலிருக்கும் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். தாய்க்கும் நினைவில்லாவிட்டால் அந்த அம்மா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்த் தன் பெரியம்மாவைக் கேட்டு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் தங்கள் மொழியை விரும்பிக் கேட்கிறார் என்று அங்கே ஊரில் சொல்லிக்கொண்டார்களாம். மருமகள் எனக்கு மீன் பொரித்துக் கொண்டுவந்தாள். நானும் முள்ளெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொல் சேர்த்தேன்.

சேர்த்ததில் எனக்கு உதவாததைத் தள்ளினேன். கட்டாங்கில் வினை வாக்கியத்தின் முதலில் வந்து நிற்கும். நமக்கு அது கடைசியில் வரும். தள்ளினேன். ஒரு சொல்லின் நடுவயிற்றைப் பிளந்து அங்கே ஒரு துண்டைச் செருகிப் பொருளை மாற்றுவார்கள். தமிழில் அப்படி ஒரு பழக்கமே இல்லை. தள்ளினேன். மீனைத் தின்றவர் முக்கியமா, தின்னப்பட்ட மீன் முக்கியமா என்பதற்கேற்ப வினையே உருவம் மாறும் என்று அவள் தட்டில் இருந்த மீனைக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். மிக அழகான விசயம். அதையும் தள்ளினேன். கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ ஒன்று, கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ ஒன்று என்று அவர்களிடம் இரண்டு உண்டு. இதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். பசிபிக்கின் பல தீவுகளில் இது உண்டு என்பதோ, எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் நாங்களே இந்த வேறுபாட்டைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்கிறோம் என்பதோ எனக்குத் தடையாக இருக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் பேச என் பெயர் போட்டாயிற்று. மகன் தனியாக அழைத்தான்.

“அப்பா, உங்கட கூட்டத்துக்கு அவளை இழுக்காதேங்கோ.”

“அவ தானா வாறன் எண்டு நிக்கிறா. நீ ஏன் குறுக்க?”

அது உண்மைதான். தன் மொழிக்கு ஒரு மண்டபத்தில் மரியாதை செய்யப்போகிறார்கள் என்று அவள் நம்பினாள். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். சாப்பாட்டுக்கு முன் அவளுடைய தாய் சொல்லும் சிறிய செபம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டாங்கில் சொல்ல இரண்டு நிமிடம் வேண்டும். தருகிறேன் என்றேன்.

புறநகர்களான வில்லியே லே பெல்லிலிருந்தும் பியர்ஃபித்திலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. நின்றுகொண்டும் ஆட்கள். என் பேச்சை இன்று நினைத்தால் காது சூடாகிறது, ஆனாலும் சொல்கிறேன். கட்டாங்கில் நாய்க்கு ‘அத்து’ என்று பெயர். “அது நம் ‘ஆடு’ என்ற சொல்தான். கப்பலில் ஏறும்போது ஆடாக ஏறியது, கடல் கடந்து இறங்கும்போது நாயாக இறங்கிவிட்டது,” என்றேன். “பண்டைத் தமிழன் கடலோடினான் என்பதற்கு இதற்குமேல் சான்று எதற்கு?”

“சரியாச் சொன்னியள் அண்ணை,” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர்.

நெருப்புக்கு அவர்கள் ‘அஃபுய்’ என்பார்கள். நம்மிடம் மூலையில் கிடக்கும் ஆய்த எழுத்து அந்தத் தீவில் இன்னும் உயிரோடிருக்கிறது என்றேன். அந்த ஒலி தமிழில் இல்லாததால் அதை எழுத ஆய்தத்தைப் போட்டவனே நான்தான். நானே வைத்ததை நானே கண்டெடுத்தேன். பிறகு அன்னம். “அறுசுவை உண்டி கொண்ட இனம் நாம். அவர்கள் சோற்றை மறந்தார்கள். சுவையின் எண்ணிக்கையை மறக்கவில்லை. ஆகவே அன்னம் என்றால் ஆறு.” அன்னம் வடசொல், சோறு என்றே சொல்ல வேண்டும் என்று முன்பொரு முறை அதே மேடையில் தீர்மானம் கொண்டுவந்தவனும் நானே. யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது.

மருமகளை மேடைக்கு அழைத்து எண்ணச் சொன்னேன். அவள் வெட்கத்துடன் எண்ணினாள். அன்னம் வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. பெண்ணுக்குப் பெண்தான் பொன்னாடை போர்த்துவது எங்கள் வழக்கம். மருமகள் மகள்தானே என்று தலைவர் விதியைத் தளர்த்தினார். நான் போர்த்தினேன். கைதட்டல் ஓயவில்லை. ஓயாத கைதட்டலுக்கு இன்னும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று பதறியது. நான் தயாரித்து வராத வாக்கியம் ஒன்று வாயிலிருந்து வந்தது.

“வேர் கையில் இருக்கும்போது கிளை எதற்கு? இன்று முதல் என் பேத்தி அந்தக் கிளைமொழியை விட்டு மூலமொழியையே பேசுவாள். இந்த மேடையில் உறுதி தருகிறேன்.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். என் பக்கத்தில், தோளில் சரிகையோடு, ஒரு சொல்லும் விளங்காமல், அவளும் சிரித்தபடி கைதட்டினாள்.

பிறகு என் காதருகே, “இப்போது என் இரண்டு நிமிடமா, மாமா?” என்றாள்.

“என்னவாம்?” என்றார் தலைவர்.

“ஏதோ செபம் சொல்லப்போறாவாம்.”

“ரோல்ஸ் ஆறுது அண்ணை. நன்றியுரையும் கிடக்கு. அடுத்த முறை பாப்பம்.”

நேரமில்லை என்று அவளிடம் பிரெஞ்சில் சொன்னேன். பரவாயில்லை என்றாள். கீழே இறங்கும் படியில் கணவனிடம், ஏன் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று கேட்டிருக்கிறாள். அவன் சொல்லிவிட்டான். நான் பின்னால் வந்தபோது அவள் படியில் நின்று பொன்னாடையை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற கை. என்னிடம் நீட்டினாள்.

“என் அம்மா உங்களுக்காக பஸ் ஏறிப் போய்ச் சொல் கேட்டு வந்தாள், மாமா. அவளிடம் நான் என்ன சொல்வது?”

பிள்ளை ரோல்ஸ் கடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த புதன் யாரும் வரவில்லை. மகனை அழைத்தேன்.

“இனி மெர்க்ரெதியில வரமாட்டினம் அப்பா.” புதன் அவனுக்கு எப்போதும் மெர்க்ரெதிதான்.

“ஏனாம்?”

“உங்களுக்குத் தெரியாதே?”

“அது சும்மா பகிடிக்குச் சொன்னது.”

“பகிடியெண்டா ஏன் எல்லாரும் எழும்பி நிண்டவை?”

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அங்கே நான் வீரன். யாரோ எடுத்த வீடியோ எல்லாருடைய தொலைபேசியிலும் ஓடியது. “அண்ணை, கனடாவில என்ட மச்சானும் பாத்திட்டான். அந்த ஆடு நாய் விசயம் சோக்கு,” என்றார் ஒருவர். “மருமகள் பிள்ளையும் என்ன வடிவாக் கைதட்டிக்கொண்டு நிக்கிறா,” என்றார் இன்னொருவர். தேத்தண்ணிக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

பல புதன்கள் அப்படியே போயின. பத்தரை மணிக்குப் படியில் காலடி கேட்டால் எழுந்து கதவருகே போவேன். மேல்மாடிக்காரர் ஏறிப் போவார். ஒரு நாள் வடைப் பையோடு சென் லசாருக்குப் போய் ஆர்ஜொந்தெய் ரயில் ஏறினேன்.

மருமகள் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், தேத்தண்ணி வைத்தாள். மேசையில் தொலைபேசி சாய்த்து வைத்திருந்தது; திரையில் அவளுடைய தாய். என்னைக் கண்டதும் அந்த அம்மா கையை உயர்த்தி ஆட்டினார், நீளமாக ஏதோ கேட்டார்.

“என்ன கேட்கிறார்?”

“சொற்கள் உங்களுக்கு உதவினவா என்று.”

“நீ என்ன சொன்னாய்?”

“மிகவும் உதவின என்றேன்.”

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மனிதன் இவ்வளவு கேவலமாகச் சிரித்து நான் கண்டதில்லை.

அழைப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. “மேடையில் சொன்னதை மேடையில் திருப்பி எடுங்கள்,” என்றாள். “எனக்காக இல்லை. நாளைக்கு யாராவது இவளிடம் வந்து, உன் தாயின் பேச்சு உனக்குத் தேவையில்லை என்று உன் அப்பப்பாவே சொன்னார் என்று சொல்லக்கூடாது.”

“உன் இரண்டு நிமிடத்தையும் கேட்டு வாங்குகிறேன்.”

“அந்த மேடை எனக்கு வேண்டாம், மாமா.”

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். அன்னம் வெறும் ஆறு, அத்து வெறும் நாய், அது ஒருபோதும் ஆடாக இருந்ததில்லை என்றேன். நான் தள்ளியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன்: முதலில் நிற்கும் வினை, நடுவில் செருகும் துண்டு, எல்லாம். கட்டாங்குக்கு அந்தத் தீவிலேயே சகோதர மொழிகள் உண்டு, நாங்கள் அதற்கு எந்த உறவும் இல்லை, என் பேத்தி தன் தாய் பேசுகிறதைப் பேசுவாள், அதில் உறுதி தர நான் யாருமில்லை என்றேன். மண்டபத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

தலைவர் என் பக்கம் குனிந்தார். “அண்ணை, சீனி கூடிட்டுதோ?”

“இல்லை.”

“மாத்திரை போட்டனீங்களோ?”

“போட்டனான்.”

அவர் ஒலிவாங்கியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். தான் கண்டதையே மறுத்துப் பேசும் பணிவு தமிழறிஞருக்கே உரியது என்றார். யாரோ பொன்னாடை கொண்டு ஓடிவந்தார்கள். ஏழெட்டுப் பேர் தட்டினார்கள். அந்தப் பேச்சை ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. போர்த்தியதை மட்டும் எடுத்தார்கள். முதல் வீடியோ இன்னும் ஓடுகிறது. அண்மையில் யாரோ ஒருவர் அதை ஆதாரமாகக் காட்டி ஒரு கட்டுரை எழுதியிருப்பதாகச் சொல்லி எனக்கே அனுப்பிவைத்தார்கள்.

நான் பேசியதை மகன் அவளிடம் சொல்லியிருக்கிறான். புதன்கிழமைகள் திரும்பி வந்தன. ஆனால் மருமகள் இப்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதில்லை. வேண்டியதை வரும்போதே வாங்கி வருகிறாள். சமையலறையில் நிற்கிறாள், கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். தாயும் மகளும் கட்டாங்கில் பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு புதுச் சொல்லும் சொல்லித் தருவதில்லை. நானும் கேட்பதில்லை.

போன புதன் பேத்தி என் அலுமாரியைக் குடைந்து, நான் மறுத்துப் பேசியபோது போர்த்திய பொன்னாடையை இழுத்தெடுத்தாள். தன் பஞ்சு நாய்க்குக் குளிருமாம். கழுத்துவரை சுற்றி, சரிகை முன்னால் தெரிய ஒழுங்குபடுத்தி, தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அத்து,” என்றாள்.

சமையலறையில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

“ஓம்,” என்றேன். “அத்து.”

கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி மறுபடி பலகையில் விழத் தொடங்கியது.